பதற்ற நோய்: படபடப்பு எப்போது நோயாகிறது, ஏன் போக மறுக்கிறது

தர்மபுரிப் பக்கம் ஒருவருக்கு அடிக்கடி நெஞ்சு படபடத்தால், போகிற இடமெல்லாம் ஒரு காரணம் கிடைக்கும். பாட்டி "எங்கயோ பயந்துக்கிச்சு, மந்திரிச்சு விடுங்க" என்பார். டீக்கடைப் பெஞ்சில் "கேஸ் ட்ரபுள்தான், சோடா குடி" என்பார்கள். மருந்துக்கடைக்காரர் பிபி பார்க்கச் சொல்வார். சுவர் விளம்பரம் நரம்புத் தளர்ச்சி என்று மிரட்டும். அதே வீட்டில் கல்லூரி போகிற பிள்ளை, பரீட்சைக்கு முந்தைய ராத்திரி "எனக்கு ஆங்சைட்டி" என்று வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்திருக்கும்.

இந்தக் குழப்பத்தால் இரண்டு பக்கமும் நஷ்டம். சாதாரண பயத்தை நோய் என்று நினைத்துச் சிலர் தவிக்கிறார்கள். உண்மையிலேயே நோய் இருக்கிறவர்களோ இசிஜி, எக்கோ, எண்டோஸ்கோப்பி, தாயத்து என்று வருஷக்கணக்கில் சுற்றிவிட்டு, "எல்லாம் நார்மல், உனக்கு ஒண்ணும் இல்ல" என்ற பதிலோடு வீடு திரும்புகிறார்கள். மறுநாள் காலையில் நெஞ்சு மறுபடி அடிக்கிறது. அந்த "ஒண்ணும் இல்ல"க்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் திறந்து பார்ப்போம்.

## முதலில், நோயில்லாத பயம்

தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பாரம் ஏற்றிய லாரியை ஓட்டுகிறவருக்குப் பயம் இருந்தாக வேண்டும். பயம் இருப்பதால்தான் கியரைக் குறைக்கிறார், பிரேக் சூட்டைப் பற்றி யோசிக்கிறார். பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் அன்று வயிறு கலங்குவதும், பெண் பார்க்க வரும் நாளில் கை வேர்ப்பதும், ஆஸ்பத்திரியில் அப்பா படுத்திருக்கும்போது தூக்கம் போவதும் நோய் இல்லை. காரணம் கண்முன் நிற்கிறது. அது விலகினால் பதற்றமும் விலகிவிடும்.

நோய் என்று சொல்ல மருத்துவர்கள் மூன்று விஷயங்களைப் பார்க்கிறார்கள். ஆபத்து சிறியதாக இருந்தும், அல்லது ஆபத்தே இல்லாதபோதும், பயம் பெரிதாக வருகிறதா? அது விடாமல் நீடிக்கிறதா? அன்றாட வாழ்க்கை அதனால் சுருங்குகிறதா? பெரும்பாலான வகைகளுக்கு ஆறு மாதம் என்பது பொதுக் கணக்கு. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் அதைப் பதற்ற நோய் என்கிறோம். என்னைக் கேட்டால் மூன்றாவது கேள்விதான் முக்கியம். பல்லியைக் கண்டால் அலறுகிறவர் அலறிவிட்டுப் போகட்டும். பஸ் ஏறப் பயந்து வேலையை விட்டவர் கதை வேறு.

## பரண் மேல் ஒரு காவல்

தேன்கனிக்கோட்டை, தளி, ஜவளகிரி பக்கத்தில் ராகி முற்றும் பருவத்தில் யானைக் கூட்டம் இறங்கும். பன்னார்கட்டா காட்டிலிருந்து வருஷா வருஷம் வருகிறவை. கொல்லையில் பரண் கட்டி ஒருவர் ராத்திரி முழுக்க விழித்திருப்பார். புதர் அசைந்தால் குரல் கொடுப்பார். டார்ச், பட்டாசு, தகர டப்பாவோடு ஊர் எழுந்து வரும். "யானைதானா?" என்று பக்கத்தில் போய் உறுதி செய்துவிட்டு அவர் கூப்பிடுவதில்லை. பத்துத் தடவை வீணாகக் கத்தினால் ஊருக்குத் தூக்கம் போகும், அவ்வளவுதான். ஒரு தடவை கத்தாமல் விட்டால் கொல்லை போகும், ஆளும் போகலாம்.

நம் மூளைக்குள்ளும் இப்படி ஒரு காவல் உண்டு. பாதாம் பருப்பு வடிவில், பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் அந்தச் சிறிய பகுதிக்கு அமிக்டலா என்று பெயர். ஆபத்து மாதிரி ஏதாவது பட்டால், நாம் யோசித்து முடிப்பதற்குள் அது குரல் கொடுத்துவிடும். சிறுநீரகங்களுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் சுரப்பிகள் உடனே ரத்தத்தில் அட்ரினலினைக் கலக்கும். உடம்பைச் சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயார் செய்கிற ரசாயனம் அது. அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்த ஏற்பாட்டை விவரித்திருக்கிறார்.

அப்புறம் உடம்பில் நடப்பதெல்லாம் ஓடுவதற்கான தயாரிப்பு. கால் தசைகளுக்கு ரத்தம் அனுப்ப இதயம் வேகமாக அடிக்கிறது. மூச்சு வேகமாகிறது. சூடேறும் உடம்பைக் குளிர்விக்க வேர்க்கிறது. தோலுக்குப் போகிற ரத்தம் குறைவதால் கை சில்லிடுகிறது. ஓட வேண்டிய நேரத்தில் செரிமானம் எதற்கு? அதை உடம்பு ஒத்திப்போடுகிறது. வாய் உலர்கிறது, வயிறு பிசைகிறது, சிலருக்குக் கழிவறைக்கு ஓட வேண்டியிருக்கிறது. டீக்கடையில் "கேஸ் ட்ரபுள்" என்று சொன்னவர் முழுக்கப் பொய் சொல்லவில்லை. வயிறு உண்மையிலேயே கலங்கியிருக்கிறது, அதன் காரணம்தான் வயிற்றில் இல்லை. தசைகள் இறுகியே இருப்பதால் கழுத்து வலி, தலைவலி, நடுக்கம்.

பதற்ற நோயில் நடப்பது இதுதான்: பரணில் இருக்கிறவரின் காது அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிட்டது. முயல் ஓடினாலும் காற்று அடித்தாலும் "யானை!" என்கிறார். யானை பொய், ஆனால் ஊர் எழுந்தது நிஜம், வெடித்த பட்டாசு நிஜம். அதனால்தான் "நடிக்கிறான்", "சும்மா நெனச்சுக்கிறா" என்பதெல்லாம் தவறு. இதயம் நிஜமாகவே வேகமாக அடிக்கிறது. இசிஜி நார்மல் என்று வருவதும் நிஜம்தான், இதயத்தில் பழுது ஏதும் இல்லையே.

இன்னொன்று. நெற்றிக்குப் பின்னால், நிதானமாக எடைபோட்டுப் பார்க்கிற மூளைப் பகுதி இருக்கிறது. "அது பன்றிதாம்பா, படு" என்று காவல்காரருக்குச் சொல்ல வேண்டியது அதன் வேலை. பதற்றம் உச்சத்தில் இருக்கும்போது அந்தக் குரல் எடுபடுவதில்லை. "தைரியமா இரு", "வேற எதையாவது நெனை" என்று நாம் சொல்லும் புத்திமதிகள் எடுபடாததும் இதனால்தான். ஆபத்தில்லை என்று அவருக்கே தெரியும். தெரிந்தும் உடம்பு கேட்பதில்லை.

இதுவரை பார்த்தது: பயம் உடம்பின் இயல்பான பாதுகாப்பு ஏற்பாடு. தவறான நேரத்தில், தவறான அளவில், விடாமல் அது ஒலித்தால் நோய். வருகிற அறிகுறிகள் எல்லாம் உண்மையானவை.

## "செத்துருவேன்" என்கிற பத்து நிமிஷம்

சில பேருக்கு எந்தக் காரணமும் கண்ணில் படாமல், டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போதே இது திடீரென்று வரும். நெஞ்சு அடிப்பு, மூச்சுத் திணறல், நடுக்கம், தலைசுற்றல், விரல் மரத்துப்போதல், "இதோடு முடிந்தது" என்ற உறுதியான எண்ணம். சுமார் பத்து நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போய், அப்புறம் மெல்ல இறங்கும். இதைப் பீதித் தாக்குதல் என்கிறார்கள்.

இதில் மூச்சின் பங்கு பலருக்குத் தெரியாது. வேக வேகமாக மூச்சு விடும்போது ரத்தத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடு தேவைக்கு மேல் வெளியேறுகிறது. அது குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும். அதனால் தலைசுற்றல். ரத்தத்தின் கால்சியம் சமநிலை மாறுவதால் விரலிலும் உதட்டைச் சுற்றியும் சுருசுரு என்று ஓடும், சிலருக்கு விரல் மடங்கி இழுத்துக்கொள்ளும். "காத்து பத்தலை" என்று அவர் இன்னும் இழுத்து இழுத்து மூச்சு விடுவார். அது நிலைமையை மோசமாக்கும். அந்த நேரத்தில் விரலில் ஆக்சிமீட்டர் மாட்டினால் 98, 99 என்று காட்டுவது வழக்கம். ஆக்ஸிஜனுக்குக் குறையில்லை. இழுக்கிற மூச்சைக் கூட்டப் பார்க்காமல், வெளியே விடுகிற மூச்சை நீட்டினால் போதும். மெதுவாக, ஊதுகிற மாதிரி. பேப்பர் பைக்குள் மூச்சு விடுகிற பழைய வைத்தியத்தை இப்போது மருத்துவர்கள் பரிந்துரைப்பதில்லை.

நெஞ்சு அடித்ததும் "அட்டாக்" என்ற எண்ணம் வருகிறது. அந்த எண்ணமே புது ஆபத்தாகி அட்ரினலினைக் கூட்டுகிறது. நெஞ்சு இன்னும் அடிக்கிறது. இப்படியே சில நிமிஷம் ஏறிக்கொண்டே போகும். ஆனால் உடம்பால் அந்த உச்சத்தில் வெகுநேரம் நிற்க முடியாது. எதுவும் செய்யாவிட்டாலும் அது இறங்கித்தான் ஆகும்.

"மயக்கம் போட்டு நடுரோட்டில் விழுந்துருவேன்" என்ற பயமும் இதில் நிறையப் பேருக்கு உண்டு. பீதியில் ரத்த அழுத்தம் ஏறுகிறது, மயக்கமோ அழுத்தம் இறங்கினால் வருவது. அதனால் தலை சுற்றினாலும் விழுவது அரிது. ரத்தத்தையோ ஊசியையோ கண்டு பயப்படுகிறவர்கள் மட்டும் விதிவிலக்கு. அவர்களுக்கு அழுத்தம் முதலில் ஏறி, பிறகு சட்டென்று இறங்கிவிடும். அவர்கள் நிஜமாகவே விழுவார்கள். ரத்தப் பரிசோதனைக்குப் படுத்துக்கொண்டே கை நீட்டலாம், அதில் வெட்கம் வேண்டாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. முதல் முறையாக நெஞ்சு வலி வந்தால் "இது டென்ஷன்" என்று நீங்களாகவே முடிவு கட்டாதீர்கள். நாற்பது வயதைத் தாண்டியவர், சர்க்கரை, பிபி, புகைப் பழக்கம் உள்ளவர், நடக்கும்போது கூடுகிற வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவுகிற வலி என்றால் 108தான். தைராய்டு அதிகமாகச் சுரப்பது, ரத்த சோகை, சர்க்கரை இறங்குவது, இதயத் துடிப்பின் ஒழுங்கு தவறுவது எல்லாமே படபடப்பைத் தரும். எனவே ஒரு முறை ஒழுங்காகப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். மருத்துவர் காரணத்தோடு தெளிவாகச் சொன்ன பிறகும் இருபதாவது இசிஜிக்கு ஓடுவது நோயின் ஒரு பகுதி.

## ஏன் போக மறுக்கிறது?

என் கணக்கில் பதற்ற நோயைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. நம் ஊரில் அதிகம் பேசப்படாததும் இதுதான்.

அரூரிலிருந்து தர்மபுரிக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போகும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் நெரிசலில் நிற்கும்போது அவருக்குப் பீதித் தாக்குதல் வருகிறது. வழியிலேயே இறங்கிவிடுகிறார். இறங்கியதும் நெஞ்சு அடங்குகிறது, அப்பாடா என்று இருக்கிறது. மறுநாள் பஸ்ஸைப் பார்த்ததுமே படபடப்பு. லீவு போடுகிறார். மறுபடியும் அப்பாடா. அடுத்த வாரம் கணவரை பைக்கில் கொண்டுபோய் விடச் சொல்கிறார். கொஞ்ச நாளில் கூட்டமான சந்தை வேண்டாம், அப்புறம் கல்யாண மண்டபம் வேண்டாம், அப்புறம் தனியாக வீட்டில் இருப்பதும் வேண்டாம்.

அந்த "அப்பாடா"வைக் கவனியுங்கள். பஸ்ஸிலிருந்து இறங்கியதால் பிழைத்தோம் என்று மூளை குறித்துக்கொண்டது. இறங்காமல் இருந்திருந்தாலும் இன்னும் சில நிமிஷத்தில் அது தானாக அடங்கியிருக்கும் என்பதை அறிய அதற்கு வாய்ப்பே தரவில்லை. பரண் கதையில் இதை வைத்துப் பாருங்கள். புதர் அசையும் ஒவ்வொரு முறையும் வெடி போட்டால், யானை வராத ஒவ்வொரு ராத்திரியும் "வெடி போட்டதால் வரவில்லை" என்றே கணக்காகும். புதரில் இருந்தது முயல் என்பதை அந்த ஊர் எந்தக் காலத்திலும் தெரிந்துகொள்ளாது. பட்டாசுச் செலவு மட்டும் கூடிக்கொண்டே போகும்.

பயம் தரும் இடத்தையோ ஆளையோ வேலையையோ விட்டு விலகுவதைத் தவிர்த்தல் என்கிறார்கள். அது எப்போதும் வெளிப்படையாகத் தெரிவதில்லை. பர்ஸில் ஒரு மாத்திரை இருந்தால்தான் வெளியே கிளம்புவது, கதவோர சீட்டில் மட்டும் உட்காருவது, நிமிஷத்துக்கு ஒரு தடவை நாடி பிடித்துப் பார்ப்பது, யூடியூபில் அறிகுறிகளைத் தேடுவது, "எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று வீட்டில் பத்துப் பேரிடம் கேட்பது. எல்லாமே சின்னச் சின்ன வெடிகள்தான். அந்த நேரத்துக்கு நிம்மதி, ஆனால் பயம் ஒரு படி கெட்டிப்படுகிறது.

குடும்பமும் அன்போடு இதில் சேர்ந்துகொள்ளும். "அவளுக்கு முடியல, அண்ணி போய் வாங்கிட்டு வரட்டும்." நம் பக்கத்துக் கூட்டுக் குடும்பங்களின் பலம் இது, இந்த நோயைப் பொறுத்தவரை பலவீனமும் இதுதான். ஒருவர் ஒதுங்கிக்கொண்டால் அவர் வேலையைச் செய்ய நாலு பேர் இருக்கிறார்கள். நோய் சௌகரியமாக வீட்டிலேயே குடியேறிவிடும்.

சுருக்கம்: பதற்றத்தை ஆரம்பித்து வைப்பது ஏதோ ஒரு சம்பவமாக இருக்கலாம். அதைப் போகவிடாமல் பிடித்து வைத்திருப்பது தவிர்த்தல். சிகிச்சை கைவைக்கிற இடமும் இதுவே.

## ஒரே நோய் இல்லை

பதற்ற நோய் என்பது ஒரு குடும்பப் பெயர். அரூர்ப் பெண்ணுக்குத் தொடங்கியது பீதி நோய். அதாவது, தாக்குதல் வந்துபோன பிறகு "மறுபடி வந்துருமோ" என்ற பயம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து நடவடிக்கைகளையே மாற்றிவிடுவது. பிறகு அவர் போய்ச்சேர்ந்தது, சட்டென்று வெளியேற முடியாத இடங்களைக் கண்டு ஒதுங்கும் நிலை. பஸ், வரிசை, கூட்டம், மண்டபம். இரண்டும் அடிக்கடி சேர்ந்தே வரும்.

பொதுப் பதற்ற நோய் சத்தமில்லாதது, அதனாலேயே கண்ணுக்குத் தப்பிவிடும். இதில் தாக்குதல் என்று எதுவும் இருக்காது. நாள் முழுக்கக் கவலை ஓடிக்கொண்டே இருக்கும். தக்காளி விலை விழுந்துருமோ, பெங்களூரில் இருக்கும் மகன் போன் எடுக்கவில்லையே, குழுக் கடன் தவணைக்கு என்ன செய்வது, மகளுக்கு வரன் அமையுமா. இதில் எந்தக் கவலையும் அபத்தமானது இல்லை. கடன் இருக்கிறவர் கவலைப்படுவதை நோய் என்று சொல்வது அநியாயம். ஆனால் தவணையைக் கட்டி முடித்த அன்று சாயங்காலமே அந்த இடத்தில் வேறொரு கவலை வந்து உட்கார்ந்துகொண்டால், இப்படி ஆறு மாதத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் போய்க்கொண்டிருந்தால், தூக்கம் கெட்டு, எரிச்சல் கூடி, உடம்பெல்லாம் அசதியாகவும் வலியாகவும் இருந்தால் யோசிக்க வேண்டும். இவர்கள் மருத்துவரிடம் "கவலையாக இருக்கிறது" என்று சொல்வதில்லை. "உடம்பு வலி, ஒரு ஊசி போடுங்க" என்றுதான் சொல்வார்கள்.

சமூகப் பதற்ற நோய் பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்கும். பிறர் தன்னைக் கவனித்துக் குறை காண்பார்கள், தான் அவமானப்பட்டுவிடுவோம் என்ற பயம். வகுப்பில் எழுந்து பதில் சொல்ல மாட்டான், பதில் தெரியும். ஓசூரில் கம்பெனி இன்டர்வியூவுக்குக் கிளம்பி கேட் வரை போய்த் திரும்பி வந்துவிடுவான். வீட்டில் "கூச்ச சுபாவம்" என்பார்கள். உறவில் "திமிர், வந்தா ஒரு வார்த்தை பேச மாட்டான்" என்பார்கள். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் பயமும் சேர்ந்துகொள்வதால், எது நோய் எது சூழ்நிலை என்று பிரிப்பது கடினம். கூச்சம் உள்ளவர் பத்து நிமிஷத்தில் பழகிவிடுவார். நோய் உள்ளவர் அந்த இடத்துக்கே வர மாட்டார்.

குறிப்பிட்ட ஒரு பொருளைக் கண்டோ சூழலைக் கண்டோ வரும் கட்டுக்கடங்காத பயம் ஃபோபியா. உயரம், பாம்பு, ஊசி இப்படி. ஒகேனக்கல் தொங்கு பாலத்தில் கால் வைக்க மாட்டேன் என்கிறவர் அருவியைத் தூரத்தில் இருந்தே பார்த்துவிட்டு மீன் சாப்பிட்டுவிட்டு வரலாம், வைத்தியம் எதுவும் வேண்டாம். குழந்தைகளுக்கு வீட்டாரை விட்டுப் பிரிவதில் வரும் பதற்ற நோயும் இந்தக் குடும்பத்தில் ஒன்று. விடுதியில் சேர்க்கப்பட்ட பிள்ளைக்குத் திங்கட்கிழமை தோறும் வயிற்று வலி வந்தால் இதையும் நினைவில் வையுங்கள்.

## ஒட்டி வரும் வேறு நோய்கள்

மூன்று நோய்கள் இதனோடு அடிக்கடி குழப்பப்படுகின்றன.

எண்ணச் சுழற்சி நோயில் வேண்டாத எண்ணம் ஒன்று திரும்பத் திரும்ப வந்து மிரட்டும். அதை அடக்க ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். கை கழுவுவது, பூட்டை இழுத்துப் பார்ப்பது, சாமி படத்தின் முன்னால் எண்ணி எண்ணிக் கும்பிடுவது. சுத்தக்காரர் என்று ஊர் பாராட்டும்போது உள்ளே அவர் செத்துக்கொண்டிருப்பார்.

பெரும் அதிர்ச்சிக்குப் பின் வரும் மன அழுத்த நோய் இன்னொன்று. கணவாயில் விபத்தைக் கண்ணால் பார்த்த டிரைவருக்கு, மாதங்கள் கழித்தும் அந்தக் காட்சி இப்போது நடப்பதுபோல் திரும்பி வரும். தூக்கத்தில் அலறி எழுவார், ஹாரன் சத்தத்துக்குத் துள்ளுவார், அந்தச் சாலைப் பக்கமே போக மாட்டார். இந்த இரண்டையும் முன்பு பதற்ற நோய்களோடு சேர்த்து வைத்திருந்தார்கள். 2013இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியல் இவற்றைத் தனித் தனிப் பிரிவாக்கியது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலிலும் இவை தனியாகவே இருக்கின்றன. தவிர்த்தல் என்ற கண்ணி மட்டும் எல்லாவற்றுக்கும் பொது.

மூன்றாவது மனச்சோர்வு நோய். பதற்றம் "என்ன ஆகுமோ" என்று பதறும். மனச்சோர்வு "இனி என்ன இருக்கு" என்று கிடக்கும். நிறையப் பேருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். நீண்ட நாள் பதற்றம் ஆளை ஓய்த்துச் சோர்வில் தள்ளுவதும் உண்டு. உயிரோடு இருந்து என்ன பயன் என்ற பேச்சு வந்தால் அன்றைக்கே உதவி தேட வேண்டும், "பேசுறவங்க செய்ய மாட்டாங்க" என்ற நினைப்பு ஆபத்தானது.

அப்புறம் பலர் வெட்கப்பட்டுக்கொண்டு கேட்கும் கேள்வி: "இது முத்தினா பைத்தியம் ஆயிருமா?" ஆகாது. பீதி எத்தனை தடவை வந்தாலும் அது மனச்சிதைவு நோயாக மாறுவதில்லை.

## யாருக்கு வருகிறது

2019ஆம் ஆண்டில் உலகில் 30 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பதற்ற நோயோடு வாழ்ந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. பெண்களுக்கு ஆண்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு வருகிறது. பரம்பரைக்குப் பங்கு உண்டு, சிறுவயதுக் கஷ்டங்களுக்கும் உண்டு, சுபாவத்துக்கும் உண்டு. ஒற்றைக் காரணத்தைத் தேடிப் போவதில் லாபமில்லை.

ஆனால் ஊதிவிடுகிற சில விஷயங்கள் நம் கையில் இருக்கின்றன. ராத்திரி ஷிப்டும் தூக்கக் கேடும் ஒன்று. ஒரு நாளைக்கு ஏழெட்டு டீ இன்னொன்று, காஃபீன் நேரடியாகவே படபடப்பைக் கூட்டும். எல்லாவற்றையும்விட மோசம் சாராயம். குடித்த ராத்திரி அடங்குகிற பதற்றம், போதை இறங்கும் காலையில் முன்னைவிடப் பெரிதாகக் கிளம்பும். கை நடுங்குகிறது என்று மறுபடி குடிப்பார். ஆண்களிடம் இந்த நோய் குறைவாகத் தெரிவதற்கு, அது டாஸ்மாக்கில் ஒளிந்திருப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

பெங்களூரில் இருக்கும் தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிமான்ஸ் 2015–16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடும் இருந்தது. பதற்றம், மனச்சோர்வு போன்ற பரவலான மன நோய் உள்ளவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் சிகிச்சை கிடைக்கவில்லை என்பது அதில் தெரிந்தது.

## மந்திரிப்பதும் மாத்திரையும்

முனியப்பன் கோயிலுக்குப் போய் விபூதி பூசிக்கொண்டு வந்தால் மனசு லேசாகிறது என்றால் போய் வாருங்கள். பகுத்தறிவு பேசி நோயாளியிடம் சண்டை போடுவதால் யாருக்கும் நோய் குணமானதில்லை. ஆனால் இரண்டு இடத்தில் கோடு கிழிக்க வேண்டும். ஒன்று, அடிப்பது, கட்டிப்போடுவது, பட்டினி போடுவது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மன நோய் உள்ளவரைச் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. மற்றொன்று, "அந்தப் பக்கம் போனதால்தான் காத்து அடிச்சுது, இனிமே போகாதே" என்ற கட்டளை. அது தவிர்த்தலுக்குச் சாமியின் பெயரில் போடும் முத்திரை.

## சிகிச்சை என்ன செய்கிறது

பேச்சு வழிச் சிகிச்சைகளில் நன்கு நிரூபிக்கப்பட்டது, எண்ணத்தையும் நடத்தையையும் சேர்த்துத் திருத்தும் முறை. ஆங்கிலச் சுருக்கத்தில் சிபிடி என்பார்கள். அறிவுரை சொல்வதும் ஆறுதல் சொல்வதும் அதில் இல்லை. நெஞ்சு அடித்ததும் "அட்டாக்" என்று தாவும் எண்ணத்தைப் பிடித்து வைத்து, அதற்கு ஆதாரம் என்ன என்று சிகிச்சையாளரோடு சேர்ந்து சோதிப்பது ஒரு பாதி. பயப்படும் விஷயத்தைச் சின்னப் படியிலிருந்து தொடங்கி நேரில் சந்திப்பது மறு பாதி.

அரூர்ப் பெண்ணுக்கு முதல் படி, பஸ் ஸ்டாண்டில் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவதாக இருக்கும். அடுத்தது, துணையோடு இரண்டு ஸ்டாப். பிறகு தனியாக இரண்டு ஸ்டாப். பிறகு பர்ஸில் மாத்திரை இல்லாமல். ஒவ்வொரு படியிலும் படபடப்பு வரும், வர வேண்டும். அது தானாக இறங்கும்வரை அவர் அங்கேயே இருப்பதுதான் பயிற்சி. புதர் அசைகிறது, வெடி போடாமல் உட்கார்ந்திருக்கிறோம், முயல் வெளியே வருகிறது. இது பல தடவை நடந்தால்தான் பரணில் இருப்பவர் நம்புவார், சொல்லி நம்ப மாட்டார். பஸ்ஸில் பிடித்து ஏற்றி "இறங்கக் கூடாது" என்று மிரட்டுவது இந்தச் சிகிச்சை ஆகாது. படியைத் தீர்மானிக்கிறவர் அந்தப் பெண்தான்.

மருந்துகளில் இரண்டு வகையைப் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் போன்றவை மெதுவாக வேலை செய்பவை, பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் வாரத்தில் வயிற்றுப் புரட்டலும் கொஞ்சம் கூடுதல் பதற்றமும் வரலாம். பாதிப் பேர் அங்கேயே நிறுத்திவிட்டு "ஒத்துக்கலை" என்கிறார்கள் என்று தோன்றுகிறது. இவை போதைக்கு அடிமையாக்குபவை இல்லை, ஆனாலும் சட்டென்று நிறுத்தக் கூடாது, மருத்துவர் சொல்கிறபடி குறைத்துக்கொண்டே வர வேண்டும். குணமான பிறகும் சில மாதங்கள் தொடரச் சொல்வார்கள்.

அல்பிரசோலம் போன்றவை மற்ற வகை. அரை மணியில் அமைதி தரும், அதனால்தான் வம்பு. வாரக்கணக்கில் தினமும் போட்டால் உடம்பு பழகிவிடும், விட்டால் பதற்றம் பாய்ந்து வரும். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மாத்திரை. பக்கத்து வீட்டு அக்கா தந்த பாதி மாத்திரை என்றால் வேண்டவே வேண்டாம்.

## எங்கே போவது, என்ன சொல்வது

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மனநலப் பிரிவுக்கு ஓபி சீட்டு வாங்கிக்கொண்டு போகலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் குழு தாலுகா அரசு மருத்துவமனைகளுக்கும் வருவதுண்டு. எந்தக் கிழமை என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஓசூர்க்காரர்களுக்கு நிமான்ஸ் பக்கம், அதே ஓசூர் சாலையில்தான் இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற எண்ணை அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவை அது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம்.

முதல் முறை போகும்போது "டென்ஷனா இருக்கு" என்று மட்டும் சொன்னால் மருத்துவருக்குப் பிடி கிடைக்காது. எப்போது தொடங்கியது, வாரத்துக்கு எத்தனை தடவை, எவ்வளவு நேரம், அப்போது மனதில் என்ன ஓடுகிறது, இதனால் எதையெல்லாம் விட்டுவிட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். டீ, சிகரெட், குடி எவ்வளவு என்பதையும், போட்டுக்கொண்டிருக்கும் மாத்திரைகளையும் மறைக்காமல் சொல்லுங்கள். பழைய இசிஜி, தைராய்டு ரிப்போர்ட் இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள், அதே டெஸ்டுக்கு மறுபடி காசு செலவழிக்க வேண்டியிருக்காது. கூட வருகிறவர் ஐந்து நிமிஷம் வெளியே உட்காரட்டும். மாமியார் முன்னால் சொல்ல முடியாதது எல்லோருக்கும் ஏதாவது இருக்கும்.